மதர்போர்டு மாற்றியதும் விண்டோஸ் 11 ப்ரோ ஆக்டிவேஷன் போய்விட்டது: பிழை சி004எஃப்211

இரவுப்பறவை கேட்டது:

வணக்கம். மதர்போர்டும் பிராசசரும் மாற்றியதில் விண்டோஸ் ஆக்டிவேஷன் கழன்றுவிட்டது.

பழையது: இன்டெல் ஐ5-8400, பி360 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4.
புதியது: ரைசன் 5 7600, பி650 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5.
மாற்றாதவை: என்விஎம்இ எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை.

விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யவில்லை. அதே எஸ்எஸ்டியை மாட்டியதும் டிரைவர்களைத் தானே பிடித்துக்கொண்டு பூட் ஆகிவிட்டது. செட்டிங்ஸ் > சிஸ்டம் > ஆக்டிவேஷன் பக்கத்தில் "ஹார்டுவேர் மாறியிருக்கிறது" என்று 0எக்ஸ்சி004எஃப்211 பிழை.

ட்ரபிள்ஷூட் பொத்தானை அழுத்தி, "ஐ சேஞ்ச்டு ஹார்டுவேர் ஆன் திஸ் டிவைஸ் ரீசன்ட்லி" கொடுத்தேன். இதுவரை லோக்கல் அக்கவுன்ட்தான் வைத்திருந்தேன். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இப்போதுதான் தொடங்கினேன். அதில் உள்நுழைந்தும் பழைய கணினி பட்டியலில் வரவில்லை.

உரிம விவரம் காட்டும் எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ கட்டளையைப் போட்டால் சேனல் (உரிமம் விற்கப்பட்ட வகை) "ரீடெய்ல்", அதாவது கடையில் தனியாக விற்றது, என்றும், கீயின் கடைசி ஐந்து எழுத்து 3வி66டி என்றும் காட்டுகிறது. ரீடெய்ல் என்றால் வேறு கணினிக்கு மாற்ற உரிமை உண்டுதானே? 2018-ல் பெட்டியாக வாங்கிய விண்டோஸ் 10 ப்ரோ இது. பிறகு 11-ஐ புதிதாக இன்ஸ்டால் செய்தேன். கீ கேட்காமலே ஆக்டிவேட் ஆனது. கீ அச்சிட்ட அட்டை இப்போது கையில் இல்லை.

---

திருப்புளி பதில்:

முதலில் அந்த 3வி66டி. அது உங்கள் கீ அல்ல. விண்டோஸ் 10, 11 ப்ரோவுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பொதுக் கீயின் வால் அது. ஹோம் என்றால் 8ஹெச்விஎக்ஸ்7 என்று முடியும். டிஜிட்டல் லைசென்ஸில் ஓடும் லட்சக்கணக்கான கணினிகளில் இதே கீதான் உட்கார்ந்திருக்கும். அந்தக் கீயின் சேனல் ரீடெய்ல் என்பதால் திரையிலும் ரீடெய்ல் என்று வருகிறது. அடியில் இருக்கும் உரிமம் பெட்டியில் வாங்கியதா, விண்டோஸ் 7 ஓஇஎம்மிலிருந்து (கணினியோடு சேர்ந்து வந்த உரிமம்) இலவசமாக ஏறியதா என்பது இந்த வரியிலிருந்து தெரியாது. பலரும் ஏமாறுவது இங்கேதான்.

நடப்பது இது. டிஜிட்டல் லைசென்ஸ் என்பது கணினியில் இருக்கும் கோப்பு என்று நினைக்காதீர்கள். உங்கள் ஹார்டுவேரிலிருந்து ஒரு அடையாளக் குறியைக் கணக்கிட்டு, "இந்தக் குறிக்கு ப்ரோ உரிமம் உண்டு" என்று மைக்ரோசாஃப்ட் சர்வரில் எழுதி வைத்திருப்பதுதான் அது. 11-ஐ புதிதாகப் போட்டபோது கீ கேட்காததும் அதனால்தான்: அதே போர்டு, அதே குறி. அந்தக் குறியில் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கனம் என்று விண்டோஸ் 10, 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதில்லை. நடைமுறையில் ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி மாற்றினால் ஒன்றும் ஆகாது. போர்டு மாறினால் சர்வருக்கு அது வேறு கணினி.

போர்டு மாறினாலும் உரிமத்தைத் தூக்கிவர வழி 2016 ஆகஸ்ட்டில், விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பில் வந்தது. லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு முடிச்சுப் போட்டிருந்தால் ட்ரபிள்ஷூட்டர் பழைய கணினியின் உரிமத்தைப் புதியதற்கு மாற்றும். கவனியுங்கள், முடிச்சு *பழைய போர்டில் ஆக்டிவேட் ஆகியிருந்தபோதே* விழுந்திருக்க வேண்டும். நீங்கள் அக்கவுன்ட் தொடங்கியது போர்டு மாற்றிய பிறகு. அந்த அக்கவுன்ட்டுக்குப் பழைய கணினி யாரென்றே தெரியாது. பட்டியலில் எப்படி வரும்?

எனவே இரண்டு வழி. ஒன்று, அசல் 25 எழுத்துக் கீயைத் தேடிப் பிடிப்பது. 10 ப்ரோவின் ரீடெய்ல் கீ 11 ப்ரோவிலும் செல்லும். "சேஞ்ச் ப்ராடக்ட் கீ"யில் தட்டினால் முடிந்தது. இரண்டு, பழைய போர்டு இன்னும் உயிரோடு இருந்தால் அதை வைத்துச் செய்வது. இப்போதைக்கு ஒன்றாவதைப் பாருங்கள்:

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கே லோக்கல் மெஷின் > சாஃப்ட்வேர் > மைக்ரோசாஃப்ட் > விண்டோஸ் என்டி > கரண்ட் வெர்ஷன் > சாஃப்ட்வேர் ப்ரொடக்‌ஷன் ப்ளாட்ஃபார்ம் வரை போய், "பேக்கப் ப்ராடக்ட் கீ டிஃபால்ட்" என்ற மதிப்பைத் திறங்கள். சில கணினிகளில் முன்பு தட்டிய அசல் கீ அங்கேயே தங்கியிருக்கும். அங்கும் 3வி66டி என்றால் பயனில்லை.

(கட்டளைகளையும் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்து, இடைவெளி இல்லாமல்.)

---

கம்பிவலை பதில்:

எதுக்கு இவ்வளவு சுத்து? கேஎம்எஸ் டூல் ஒண்ணு போட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்ல?

---

மூன்றாம்_மாடி பதில்:

வேண்டாம் நண்பா. உரிமப் பேச்சை விடுங்கள், தொழில்நுட்பமாகவே இது இங்கே பொருந்தாது.

கேஎம்எஸ் என்பது நிறுவனங்களுக்குள் இருக்கும் ஆக்டிவேஷன் சர்வர். விண்டோஸ் கிளையன்ட்டுகளை ஆக்டிவேட் செய்யவே குறைந்தது 25 கணினிகள் அதைத் தொட்டிருக்க வேண்டும். கிடைக்கும் ஆக்டிவேஷனும் 180 நாளுக்குத்தான். கணினி 7 நாளுக்கு ஒருமுறை சர்வரைத் தேடிப் புதுப்பிக்கும். நீங்கள் சொல்லும் டூல் அப்படி ஒரு சர்வர் இருப்பதாக நடிக்கிறது. அதற்காகப் பின்னணியில் ஒரு சர்வீஸோ ஷெட்யூல்டு டாஸ்க்கோ நிர்வாகி அதிகாரத்தோடு நிரந்தரமாக ஓட வேண்டும், டிஃபெண்டரில் அதற்கு விலக்குக் கொடுக்க வேண்டும். யார் எழுதினார்கள் என்றே தெரியாத ஒன்றுக்குக் கதவைத் திறந்து தாழ்ப்பாளையும் கழற்றிக் கொடுப்பது போல. ஒருநாள் அது நின்றால் சி004எஃப்074 வரும்.

இன்னொன்று, அது பொதுக் கீயை எடுத்துவிட்டு வால்யூம் கீயை (நிறுவனங்களுக்கான கீ) போட்டுவிடும். அதன்பின் ஆக்டிவேஷன் பக்கம் காட்டுவது எல்லாம் வேறு கதை. இரவுப்பறவையின் உண்மையான லைசென்ஸைக் கண்டுபிடிப்பது இன்னும் சிக்கலாகும்.

அவசரமும் இல்லை. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸில் கீழ் மூலையில் நீர்க்குறி எழுத்து வரும், வால்பேப்பர், நிறம் போன்ற பெர்சனலைசேஷன் பூட்டப்படும். பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டே இருக்கும். நிதானமாகச் செய்யலாம்.

---

இரவுப்பறவை:

ரெஜிஸ்ட்ரியிலும் 3வி66டிதான். மின்னஞ்சலிலும் கீ இல்லை. பழைய போர்டு, ஐ5, கூலர், ராம் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. எஸ்எல்யுஐ 4 போட்டுத் தொலைபேசி வழியாக முயன்றால்?

---

திருப்புளி பதில்:

தொலைபேசி வழி சொந்தக் கீ இருப்பவர்களுக்கு. 63 இலக்க இன்ஸ்டலேஷன் ஐடியைக் கொடுத்து, ஏ முதல் ஹெச் வரை எட்டுக் கட்டங்களில் 48 இலக்க உறுதி எண்ணைத் திரும்ப வாங்குவது. பொதுக் கீயிலிருந்து உருவான இன்ஸ்டலேஷன் ஐடியை அது ஏற்காது. விட்டுவிடுங்கள்.

பழைய போர்டு இருக்கிறது என்பதுதான் நல்ல செய்தி. அதே எஸ்எஸ்டியைப் பழைய போர்டில் மாட்டி ஒருமுறை பூட் செய்தால் சர்வர் பழைய குறியை அடையாளம் கண்டு தானே ஆக்டிவேட் செய்யும். அந்த நிலையில் முடிச்சைப் போட்டுவிட்டு மறுபடி புதிய போர்டுக்கு வர வேண்டும்.

கேபினெட்டில் ஏற்ற வேண்டியதில்லை. போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்தே செய்யலாம்: பிராசசர், கூலர் (பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள்), ராம் ஒரு குச்சி, எஸ்எஸ்டி, பவர் சப்ளையின் 24 பின், சிபியு 8 பின். ஐ5-8400-இல் யுஹெச்டி 630 உள்ளேயே இருப்பதால் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. மானிட்டர் கேபிளைப் போர்டிலேயே சொருகுங்கள். பவர் ஸ்விட்ச் இல்லையே என்று தேட வேண்டாம். ஃப்ரன்ட் பேனல் ஹெடரில் பவர் ஸ்விட்ச் என்று குறித்த இரண்டு பின்களைத் திருப்புளி நுனியால் ஒரு நொடி தொட்டால் போதும். லேன் கேபிள் கட்டாயம்.

பூட் ஆனதும்:

1. ஆக்டிவேஷன் பக்கம் "ஆக்டிவேட்டட் வித் எ டிஜிட்டல் லைசென்ஸ்" என்று மாறும்வரை பொறுங்கள். மாறாவிட்டால் நிர்வாகி கமாண்ட் ப்ராம்ப்ட்டில் எஸ்எல்எம்ஜிஆர் /ஏடிஓ (உடனே ஆக்டிவேட் செய்யச் சொல்லும் கட்டளை).
2. செட்டிங்ஸ் > சிஸ்டம் > அபவுட்டில் கணினிக்கு எளிதில் அடையாளம் தெரியும் ஒரு பெயர் வையுங்கள். ட்ரபிள்ஷூட்டர் கணினிகளைப் பெயரால்தான் பட்டியலிடும். டெஸ்க்டாப் என்று தொடங்கும் நாலைந்து பெயர் வந்தால் எது எதுவென்று தெரியாது.
3. அதே ஆக்டிவேஷன் பக்கத்தில் "ஆட் அன் அக்கவுன்ட்". வரி "டிஜிட்டல் லைசென்ஸ் லிங்க்டு டு யுவர் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்" என்று மாற வேண்டும். அந்த "லிங்க்டு" வராமல் அணைக்காதீர்கள்.
4. அணைத்து, எஸ்எஸ்டியைப் புதிய போர்டுக்கு மாற்றுங்கள். அதே அக்கவுன்ட்டில் ட்ரபிள்ஷூட்டரை ஓட்டி, 2-இல் வைத்த பெயரைத் தேர்ந்து, "திஸ் இஸ் தி டிவைஸ் ஐயாம் யூசிங் ரைட் நவ்" என்பதைக் குறித்து, ஆக்டிவேட்.

நிர்வாகி உரிமையுள்ள பயனராக இருக்க வேண்டும். பதிப்பும் பொருந்த வேண்டும். ப்ரோ உரிமம் ஹோமில் ஏறாது. மறு ஆக்டிவேஷனுக்கு எண்ணிக்கை வரம்பும் உண்டு, எனவே விளையாட்டாக அங்குமிங்கும் மாற்ற வேண்டாம். உரிமம் புதிய கணினிக்குப் போனபின் பழைய போர்டில் அதே உரிமத்தை ஓட்டக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கணினிதான்.

---

மூன்றாம்_மாடி பதில்:

3-க்கும் 4-க்கும் நடுவில் ஒன்றைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஆக்டிவேஷனைவிடப் பெரிய வம்பு வரும்.

லோக்கல் அக்கவுன்ட்டில் இருக்கும்வரை டிவைஸ் என்க்ரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) பாதியில் காத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் சேர்ந்ததும் அது முழுதாக இயங்கத் தொடங்கலாம். குறிப்பாக விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக இன்ஸ்டால் செய்த கணினிகளில். அப்போது டிஸ்க்கின் பூட்டுக்கான சாவி பழைய போர்டின் பாதுகாப்புப் பகுதியான டிபிஎம்மில் இருக்கும். எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு போர்டில் மாட்டினால் 48 இலக்க பிட்லாக்கர் (டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீயைக் கேட்டு நிற்கும்.

எனவே கழற்றும் முன் நிர்வாகி கமாண்ட் ப்ராம்ப்ட்டில் மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ். "ப்ரொடக்‌ஷன் ஆன்" என்றிருந்தால்:

மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -டிஸேபிள் சி: -ரீபூட்கவுன்ட் 0

கடைசியில் இருக்கும் சுழி முக்கியம். அது இல்லாமல் போட்டால் ஒரு ரீஸ்டார்ட்டோடு பாதுகாப்பு தானே திரும்பிவிடும். நீங்கள் நடுவில் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்வீர்கள் என்று யாருக்குத் தெரியும். புதிய போர்டில் எல்லாம் சரியானபின் டிஸேபிள் இருந்த இடத்தில் எனேபிள் போட்டுத் திரும்ப இயக்குங்கள். ரெக்கவரி கீயையும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பக்கத்தில் பார்த்து வேறெங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய கணினிக்குள்ளேயே சேமிப்பதில் பொருளில்லை.

விண்டோஸ் ஹலோ பின் எண்ணும் (உள்நுழையத் தட்டும் எண்) டிபிஎம்மோடு கட்டப்பட்டது. புதிய போர்டில் அது செல்லாது, கடவுச்சொல் கேட்கும். அக்கவுன்ட்டில் உள்நுழைய இணையம் வேண்டும், இணையத்துக்குப் புதிய போர்டின் லேன் டிரைவர் வேண்டும் என்று வட்டத்தில் மாட்டாமல் இருக்க, பழைய போர்டில் இருக்கும்போதே கடவுச்சொல்லோடு இன்னொரு லோக்கல் நிர்வாகிப் பயனரை உருவாக்கி வையுங்கள். லேன் டிரைவரை யுஎஸ்பியில் போட்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது.

---

இரவுப்பறவை:

பழைய போர்டில் பூட் ஆனது. ஆனால் ஆக்டிவேட் ஆகவில்லை. இப்போது பிழை வேறு: 0எக்ஸ்80072எஃப்8எஃப். எஸ்எல்எம்ஜிஆர் /ஏடிஓ கொடுத்தாலும் அதேதான். இணையம் இருக்கிறது, பிங் போகிறது.

---

திருப்புளி பதில்:

தேதியைப் பாருங்கள். பெட்டியில் கிடந்த போர்டின் சிஆர்2032 பேட்டரி இறங்கியிருந்தால் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போயிருக்கும். அப்போது சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் "இன்னும் தொடங்காத" ஒன்றாகத் தெரிந்து இணைப்பே அமையாது. 2எஃப்8எஃப் அதைத்தான் சொல்கிறது. லைசென்ஸ் வரை பேச்சே போகவில்லை. தேதி, நேரம், டைம் ஸோன் மூன்றையும் சரிசெய்து, "சிங்க் நவ்" அழுத்திவிட்டு மறுபடி /ஏடிஓ.

---

இரவுப்பறவை:

அதேதான், தேதி 2018 என்று நின்றிருந்தது. சரிசெய்ததும் ஆக்டிவேட் ஆனது. அக்கவுன்ட் சேர்த்து "லிங்க்டு" வந்தபின் ஸ்டேட்டஸ் பார்த்தால், மூன்றாம்_மாடி சொன்னபடி ப்ரொடக்‌ஷன் ஆன்! நிறுத்திவிட்டு மாற்றினேன். புதிய போர்டில் பெயர் பட்டியலில் வந்தது, தேர்ந்ததும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. ஹலோ பின் எண் மட்டும் செல்லவில்லை, புதிதாக வைத்துக்கொண்டேன்.

இனி லோக்கல் அக்கவுன்ட்டுக்கே திரும்பலாமா, முடிச்சு அவிழுமா?

---

திருப்புளி பதில்:

திரும்பலாம். முடிச்சு சர்வரில் இருக்கிறது. உள்நுழையும் முறையை மாற்றுவதால் அவிழாது. அந்த அக்கவுன்ட்டின் கடவுச்சொல்லை மறக்காமல் இருந்தால் போதும். பாதுகாப்பைத் திரும்ப எனேபிள் செய்துவிட்டீர்களா?

---

கம்பிவலை:

சரி, நான் சொன்னது வாபஸ். இதுலயே ஒரு கேள்வி: லேப்டாப் போர்டு மாத்தினா என்ன? ஒரு லேப்டாப்ல ப்ரோ ஓடிட்டிருந்தது, போர்டு மாத்தி விண்டோஸ் புதுசா போட்டதும் ஹோம்னு வந்து நிக்குது. எடிஷன் கேக்கவே இல்ல.

---

மூன்றாம்_மாடி பதில்:

விண்டோஸோடு வரும் பிராண்டட் கணினிகளில், விண்டோஸ் 8 காலத்திலிருந்து, கீ போர்டின் ஃபர்ம்வேரிலேயே எம்எஸ்டிஎம் என்ற அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். இன்ஸ்டாலர் அதைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் அந்தப் பதிப்பையே போட்டுவிடும். மாற்றிய போர்டில் ஹோம் கீ இருந்திருக்கிறது, அவ்வளவுதான். பவர்ஷெல்லில் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் மூலம் சாஃப்ட்வேர்லைசென்சிங்சர்வீஸை எடுத்து ஓஏ3எக்ஸ்ஒரிஜினல்ப்ராடக்ட்கீ என்ற பண்பைக் கேட்டால் அந்தக் கீ தெரியும். பழைய குறிப்புகளில் டபிள்யுஎம்ஐசி வைத்துச் சொல்லியிருப்பார்கள். புதிய விண்டோஸ் 11 இன்ஸ்டால்களில் அந்தக் கருவி இல்லாமல் இருக்கலாம்.

ஆனால் இரவுப்பறவையின் நிலைமைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஓஇஎம் உரிமம் அந்தப் போர்டோடு பிறந்து அதோடு போவது. விதிவிலக்கு, பழுதான போர்டை மாற்றுவது. உற்பத்தியாளரின் சர்வீஸிலேயே மாற்றினால் புதிய போர்டில் சீரியல் எண்ணையும் சரியான கீயையும் எழுதித் தர வேண்டியது அவர்கள் வேலை. ப்ரோவோடு வந்த லேப்டாப் என்றால் அவர்களிடம் திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள். வெளியே மாற்றிய போர்டு என்றால் அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

சொந்தமாக ப்ரோ ரீடெய்ல் கீ இருந்தால் மட்டும்: நெட்டைத் துண்டியுங்கள், "சேஞ்ச் ப்ராடக்ட் கீ"யில் 3வி66டி என்று முடியும் ப்ரோ பொதுக் கீயைக் கொடுங்கள், பதிப்பு ப்ரோவாக மாறி ரீஸ்டார்ட் ஆகட்டும். பிறகு நெட்டை இணைத்து உங்கள் சொந்தக் கீயைக் கொடுங்கள். பொதுக் கீ பதிப்பை மாற்றத்தான், ஆக்டிவேட் செய்யாது.

---

திருப்புளி பதில்:

கம்பிவலை, அந்தச் சொந்தக் கீயைத் தட்டியதும் சி004சி008 வந்தால் அது வேறு கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது அல்லது வரம்பைத் தாண்டிவிட்டது. பழைய கணினியில் எஸ்எல்எம்ஜிஆர் /யுபிகே போட்டால் சர்வரில் விடுவிக்கப்படும் என்று பலர் எழுதுகிறார்கள். அது உள்ளூர்க் கீயை மட்டும் நீக்கும், சர்வருக்குச் செய்தி எதுவும் போகாது. ரீடெய்ல் கீயில் 008 வந்தால் எஸ்எல்யுஐ 4 வழியை முயலுங்கள். அந்த இடத்தில் அது வேலை செய்ய வாய்ப்பு உண்டு. சி004சி003 என்றால் கீயே தடுக்கப்பட்டது. சி004சி020 என்றால் அது ஏதோ நிறுவனத்தின் எம்ஏகே கீ (குறிப்பிட்ட எண்ணிக்கை முறை ஆக்டிவேட் செய்யும் கீ), எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. இந்த இரண்டில் எது வந்தாலும் விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.